அட்டை எண்ணைக் கேட்கும் குரல்: மெடிகேர் ஏஜென்ட் எதைச் செய்யக் கூடாது?

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களின் தொலைபேசி ஓயாது. “மெடிகேரிலிருந்து பேசுகிறோம். பல், கண்ணாடி, காது கேட்கும் கருவி எல்லாம் இலவசம். அட்டையில் இருக்கும் எண்ணை மட்டும் சொல்லுங்கள்” என்கிறது கனிவான ஒரு குரல். எழுத்தும் எண்ணுமாக 11 இடங்கள் கொண்ட அந்த அடையாள எண் தவறான கைக்குப் போனால், கேட்காத திட்டத்தில் சேர்த்துவிடலாம். வாங்காத மருத்துவக் கருவிக்குக் கணக்குக் காட்டி அரசிடம் பணம் கறக்கலாம்.

முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் யாரையும் தானாக அழைத்து எதையும் விற்பதில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டு வரும் அழைப்பை அந்த இடத்திலேயே துண்டித்துவிடலாம்.

1965-இல் சட்டமான மெடிகேரில் ‘ஏ’ பகுதி மருத்துவமனைச் செலவுக்கு, ‘பி’ பகுதி டாக்டர் செலவுக்கு, ‘டி’ பகுதி மருந்துக்கு. அரசே நடத்தும் மூல மெடிகேரில், அதை ஏற்கும் எந்த டாக்டரிடமும் நாடு முழுக்கப் போகலாம். ஆனால் ‘பி’ பகுதிச் செலவில் பெரும்பாலும் 20 சதவீதம் நம் தலையில். அதற்கு உச்சவரம்பும் கிடையாது. அந்த இடைவெளியை அடைக்க விற்கப்படுவது மெடிகாப் பாலிசி. இன்னொரு வழி, தனியார் நிறுவனங்கள் நடத்தும் ‘சி’ பகுதியான மெடிகேர் அட்வான்டேஜ். பிரீமியம் குறைவு, செலவுக்கு உச்சவரம்பு உண்டு, பல் மருத்துவம் போன்ற கூடுதல் வசதிகளும் கிடைக்கலாம். ஆனால் பெரும்பாலும் அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். பல சிகிச்சைகளுக்கு முன் அனுமதியும் வாங்க வேண்டும்.

அட்வான்டேஜையும் மருந்துத் திட்டத்தையும் விற்கும் ஏஜென்ட் மாநில உரிமம் பெற்றிருக்க வேண்டும். ஆண்டுதோறும் பயிற்சி பெற்று, தேர்வில் 85 சதவீதமாவது எடுக்க வேண்டும். அழைக்காமல் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது, முன்பின் தெரியாதவருக்குப் போன் செய்யக் கூடாது, அரசு ஊழியர் போலக் காட்டிக்கொள்ளக் கூடாது. விற்பனைக் கூட்டத்தில் சாப்பாடு போடக் கூடாது. அன்பளிப்பின் மதிப்பு 15 டாலரைத் தாண்டக் கூடாது. அடுத்த ஆண்டுத் திட்டங்களைப் பற்றி அக்டோபர் 1-க்கு முன் விளம்பரப்படுத்தக் கூடாது. ஆண்டுப் பதிவுக் காலம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை.

தனிச் சந்திப்புக்கு முன் எதைப் பற்றிப் பேசப் போகிறார் என்பதற்கு ஒப்புதல் வாங்கவும் ஒரு படிவம் உண்டு. மருந்துத் திட்டத்துக்கு மட்டும் அதில் ஒப்புக்கொண்டிருந்தால், அந்தச் சந்திப்பில் அட்வான்டேஜ் பேச்சை எடுக்க அவருக்கு உரிமை இல்லை. அதில் கையெழுத்துப் போடுவதால் எந்தத் திட்டத்திலும் சேர்ந்துவிட்டதாக ஆகாது.

நேர்மையான ஏஜென்ட்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனாலும் அவர்களுக்குப் பணம் தருவது வாடிக்கையாளர் அல்ல, நிறுவனம். ஒருவரைப் புதிதாக அட்வான்டேஜில் சேர்த்தால் 2025-இல் பெரும்பாலான மாநிலங்களில் அதிகபட்சம் 626 டாலர். புதுப்பித்தால் அதில் பாதி. மெடிகேரை நிர்வகிக்கும் அரசு அமைப்புக்கு 2020-இல் வந்த விற்பனைப் புகார்கள் 15,497. அடுத்த ஆண்டு, டிசம்பரைச் சேர்க்காமலே 39,617. அதன் பிறகுதான் விதிகள் இறுக்கப்பட்டன.

இந்தப் பேச்சுகளில் அதிகம் மறைக்கப்படுவது மெடிகாப் விஷயம். 65 வயதாகி ‘பி’ பகுதியில் சேர்ந்த முதல் 6 மாதங்களில் எந்த நோய் இருந்தாலும் மெடிகாப் தர மறுக்க முடியாது. அதை விட்டுவிட்டு, சில ஆண்டுகள் அட்வான்டேஜில் இருந்துவிட்டு மூல மெடிகேருக்குத் திரும்பி வந்தால், நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களைத் தவிர, சர்க்கரையையும் இதய நோயையும் காட்டி மறுக்கலாம். 65-இல் முதன்முதலாக அட்வான்டேஜில் சேர்ந்தவர் 12 மாதங்களுக்குள் வெளியேறினால் அந்த உரிமை மீண்டும் கிடைக்கும். ஏஜென்ட் இதைச் சொல்லவில்லையென்றால் கேட்டே ஆக வேண்டும்.

அமெரிக்காவில் பிள்ளைகளோடு போய்த் தங்கும் தமிழ்ப் பெற்றோருக்கு வேறு சில குழப்பங்கள். மகன் இருபது ஆண்டு மெடிகேருக்கு வரி கட்டியிருந்தாலும் அது பெற்றோர் கணக்கில் சேராது. கிரீன் கார்டோடு தொடர்ந்து 5 ஆண்டு வசித்த பிறகு 65 வயதானவர்கள் பணம் கட்டிச் சேரலாம். அங்கே வேலையே செய்யாதவருக்கு 2025-இல் ‘ஏ’ பகுதிக்கு மாதம் 518 டாலர், ‘பி’ பகுதிக்கு 185 டாலர். தகுதி வந்தும் ‘பி’ பகுதியில் சேராமல் தள்ளிப்போட்டால், ஒவ்வொரு 12 மாதத்துக்கும் பிரீமியம் 10 சதவீதம் கூடும்; பெரும்பாலும் ஆயுள் முழுக்க. சென்னைக்கு வந்த இடத்தில் நெஞ்சு வலித்தால் மூல மெடிகேர் ஒரு டாலரும் தராது. சில மெடிகாப் பாலிசிகள் மட்டும் வெளிநாட்டு அவசரச் சிகிச்சைக்கு ஒரு வரம்பு வரை உதவும்.

ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் முதலில் 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணை அழைக்க வேண்டும்; மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேட்கலாம். பொய் சொல்லிச் சேர்த்தது உறுதியானால், திட்டத்தை மாற்றத் தனி வாய்ப்பு கிடைக்கக்கூடும். அட்வான்டேஜில் இருப்பவர் ஜனவரி 1 முதல் மார்ச் 31-க்குள் காரணமே சொல்லாமல் ஒருமுறை மாறலாம். ஏஜென்ட் மீதான புகாரை மாநிலக் காப்பீட்டுத் துறை விசாரிக்கும். ‘ஷிப்’ எனப்படும் மாநில உதவித் திட்டத்தின் ஆலோசகர்கள், கமிஷன் வாங்காமல் இலவசமாகத் திட்டங்களை ஒப்பிட்டுச் சொல்வார்கள்.

விற்பனை அழைப்புகளைப் பதிவுசெய்து வைப்பது விற்பவரின் கடமை. ஏஜென்டின் பெயர், உரிம எண், பேசிய நாள், நேரம் ஆகியவற்றைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால், புகாரின்போது அந்தப் பதிவைத் தேடி எடுப்பது எளிது.