முகூர்த்த நாளும் டயாலிசிஸ் நாளும்

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். டயாலிசிஸ் பெறுவோர் பெரும்பாலோரின் வாழ்க்கை இந்தக் கணக்கைச் சுற்றியே அமைகிறது. ஆனால் முகூர்த்தம் குறிப்பவர் இந்தக் கணக்கைக் கேட்டு நாள் குறிப்பதில்லை. வளைகாப்பும் குலதெய்வ வழிபாடும் தீபாவளியும் தத்தம் நாளிலேதான் வருகின்றன. உறவில் நேரும் மரணம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆகவே, அட்டவணையை மாற்ற வேண்டிய நிலை எல்லாக் குடும்பங்களுக்கும் என்றேனும் நேரும். மாற்றுவதில் தவறில்லை. சொல்லாமல் விட்டுவிடுவதுதான் ஆபத்து.

முகூர்த்த மாதங்களில் எங்கள் சிறுநீரகப் பிரிவில் ஒன்றை அடிக்கடி காண்கிறோம். “ஒரு நாள்தானே, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்” என்று நோயாளி வராமல் இருந்துவிடுகிறார். பிறகு நள்ளிரவில் மூச்சுத் திணறலுடன் அவசரப் பிரிவுக்கு வருகிறார். கேட்டால் மருத்துவர் கடிந்துகொள்வார் என்ற தயக்கமே பலரைத் தடுக்கிறது. மகளின் திருமணத்துக்குப் போகாதீர்கள் என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. போய்விட்டு நலமாகத் திரும்புவதற்கு வழிசெய்யவே விரும்புகிறோம்.

இடைவெளியின் கணக்கு

திங்கள், புதன், வெள்ளி என்று டயாலிசிஸ் பெறுபவரை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையே ஏற்கெனவே மூன்று நாள் ஆகிறது. புதனைத் தவறவிட்டால் இடைவெளி நான்கு நாளாகும். திங்களையோ வெள்ளியையோ தவறவிட்டால் ஐந்து நாளாகும். அந்த நாட்களில் உடலில் நீர் சேர்ந்து நுரையீரலை நிரப்பக்கூடும். இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்து, முன்னறிவிப்பின்றி இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும். அமெரிக்காவில் ஏறத்தாழ 32,000 டயாலிசிஸ் நோயாளிகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வு, வழக்கமான அந்த நீண்ட இடைவெளி முடியும் நாளிலேயே மரணமும் மருத்துவமனைச் சேர்க்கையும் மற்ற நாட்களைவிட மிகுதி என்று காட்டியது. மூன்று நாளுக்கே இந்நிலை என்றால், ஐந்து நாளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

தவிர்ப்பதற்குப் பதிலாக நேரத்தைக் குறைத்துக்கொள்வோரும் உண்டு. ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் முன்னதாக எழுந்தால், மாதத்துக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல் குறைகிறது. அது ஒரு முழு டயாலிசிஸைவிட அதிகம்.

நாளை நகர்த்தும் முறை

காலையில் முகூர்த்தம் என்றால், அதே நாள் மாலை ஷிஃப்டில் இடம் கேட்பதே எளிய வழி. நாளையே மாற்ற வேண்டுமானால், எந்த இடைவெளியும் மூன்று நாளைத் தாண்டாதவாறு அமைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, திருமணம் திங்களன்று, ஞாயிறன்று பிரிவு இயங்காது என்றால், வெள்ளிக்குப் பதில் சனி, திங்களுக்குப் பதில் செவ்வாய் என்று மாற்றலாம். அதன்பின் பழைய வரிசைக்குத் திரும்புவதை நாங்கள் அமைத்துத் தருவோம்.

நாள் குறித்தவுடன் பிரிவின் செவிலியரிடமோ டெக்னீஷியனிடமோ சொல்லுங்கள். வேறொரு நோயாளியுடன் நீங்களே பேசி இடம் மாற்றிக்கொள்ள வேண்டாம். ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம் ஒதுக்கப்படுகிறது. காலியாகத் தெரியும் இடமெல்லாம் எல்லோருக்கும் உரியதன்று.

டயாலிசிஸ் நாளின் காலையில் இரத்த அழுத்த மாத்திரையைத் தவிர்க்கச் சொல்லியிருந்தால், நாள் மாறும்போது அந்த ஏற்பாடும் மாறும். இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெளியூர் செல்வதானால்

சில நாள் தங்க நேர்ந்தால், அவ்வூரிலுள்ள டயாலிசிஸ் மையத்தில் முன்பே இடம் பெற வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பயன்பெறுவோர், அந்த மையம் திட்டத்தில் உள்ளதா என்று கேட்டறிய வேண்டும். எங்களிடமிருந்து ஒரு கடிதம் பெற்றுச் செல்லுங்கள். அதில் உங்கள் உலர் எடை, டயாலிசிஸ் நேரம், ஹெப்பரின் அளவு, ஃபிஸ்டுலாவின் நிலை, மருந்துகள், ஒவ்வாமை ஆகியவை இருக்கும். ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகளின்றிப் பொதுவாக எந்த மையமும் ஏற்காது. பழைய முடிவாக இருந்தால் புதிதாகச் செய்ய நாளாகும். ஃபிஸ்டுலா உள்ள கையில் கனமான பையைத் தூக்க வேண்டாம்.

விருந்தும் மழையும்

பந்தியில் பாயசம், ரசம், மோர் எல்லாமே நீர்க்கணக்கில் சேரும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. தினமும் காலையில் எடை பாருங்கள். இளநீர், வாழைப்பழம், கீரை, உருளைக்கிழங்கு, உலர்பழங்கள் ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. சோடியம் குறைத்த உப்பிலும் சாதாரண உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கப்படுகிறது. அது உங்களுக்கு ஆகாது.

சில மாற்றங்களுக்கு வானமே காரணம். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலும் வெள்ளம் சாலைகளைத் துண்டித்ததை மறந்திருக்க மாட்டோம். கனமழை எச்சரிக்கை வந்தால், உங்கள் நாளுக்குக் காத்திராமல் எங்களை அழையுங்கள். இயன்றால் முன்னதாகவே டயாலிசிஸ் செய்துவிடலாம். வர இயலாமல் போனால், நீர், உப்பு, பொட்டாசியம் மூன்றையும் வழக்கத்தைவிடக் கடுமையாகக் குறையுங்கள். அது சில நாட்களுக்கான தற்காப்பு மட்டுமே, டயாலிசிஸுக்கு மாற்றன்று.

உடனிருப்போர்க்கு

இடைவெளி நீண்ட நாட்களில் படுத்தால் மூச்சு வாங்குதல், கைகால் தளர்ச்சி, படபடப்பு, மயக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அடுத்த நாளை எதிர்பாராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்; வாகனம் இல்லையெனில் 108-ஐ அழையுங்கள். நாளைத் தவறவிட்டதற்காக இங்கே யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். இனி வீட்டில் அழைப்பிதழ் அச்சிடுமுன், டயாலிசிஸ் பிரிவுக்கும் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.