ஓமானின் காட்டு முலையூட்டிகள்: வறண்ட நிலத்தில் நீரும் வாழ்வும்

அராபியத் தீபகற்பத்தின் தென்கிழக்கு மூலையில் அமைந்துள்ள ஓமான், ஏறத்தாழ 3,09,500 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. இலங்கையைப் போல நான்கு மடங்குக்கும் மேற்பட்டது. ஆண்டு முழுவதும் ஓடிக் கடலைச் சென்றடையும் ஆறு எதுவும் அந்நாட்டில் இல்லை. தலைநகராகிய மஸ்கட்டில் ஆண்டொன்றிற் பெய்யும் மழை சராசரியாக 100 மில்லிமீற்றர் அளவினதே. நாம் வறண்ட பகுதி எனக் கருதும் மன்னாரில் இதனைப் போலப் பத்து மடங்கு மழை பெய்கின்றது என்பதை நினைவிற் கொண்டால் ஓமானின் வறட்சி எத்தகையது என்பது புலனாகும். நாட்டின் நடுப்பகுதியிலுள்ள கற்பாலையிலோ மழை இன்னும் அருமையானது. தொடர்ந்து சில ஆண்டுகள் மழையே காணாமற் கழிவதுமுண்டு. இருந்தும், சிறுத்தை, ஓநாய், வரிக்கழுதைப்புலி, காரகல் பூனை, மணற்பூனை, பல்வகை நரிகள், மான்வகைகள், மலையாடுகள் என விரியும் ஒரு முலையூட்டித் தொகுதி அந்நாட்டிலே வாழ்ந்து வருகின்றது. இவை உயிர்வாழ்வதற்கு வேண்டிய நீரை எங்கிருந்து பெறுகின்றன என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினா. இவ்வினாவைப் பின்பற்றிச் செல்லின் அவற்றின் இனவகைமைக்கும் அழிவுக்கும் உரிய காரணங்களை ஒருங்கே அறியலாம்.

பாலை என்ற சொல்லை ஈண்டு நாம் ஆளும் முறை பற்றி ஒரு குறிப்பு வேண்டப்படுகின்றது. தமிழ் மரபு பாலையை நிலையான தனிநிலமாகக் கொள்ளாது, முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் திரிந்த நிலை எனக் கொண்டது. புவியியலாளர் கூறும் பாலைநிலம் அதுவன்று; ஆண்டு முழுவதும் வறண்டு கிடப்பது. ஆயினும் அதற்குள்ளேயும் ஈரம் வந்து போகும் காலங்களும் இடங்களும் உள என்பதை மறத்தலாகாது. ஓமானில் ஈரம் மூன்று வழிகளில் வருகின்றது. வடக்கே ஹஜர் மலைத்தொடர் ஏறத்தாழ 3,000 மீற்றர் வரை உயர்ந்து நின்று, தாழ்நிலத்துக்குக் கிட்டாத மழையிற் சிறிது பெறுகின்றது. தெற்கே தோபார் மலைகளின் கடலை நோக்கிய சரிவுகளை, யூன் நடுப்பகுதி முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மூடுபனியாற் போர்த்துகின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஜித்தத் அல் ஹராசிஸ் என்னும் பரந்த கற்சமவெளிக்கு, அராபியக் கடலிலிருந்து இரவில் நகர்ந்து வரும் பனிமூட்டம் ஈரம் கொணர்கின்றது. மழைமானி இதனை அளப்பதில்லை. விலங்குகள் நன்கு அறியும்.

ஹஜர் மலைத்தொடருக்கே உரிய விலங்கு அராபிய வரையாடு ஆகும். ஓமானின் வடபகுதியிலும் அதனை அடுத்துள்ள ஐக்கிய அரபு அமீரகத்தின் மலைகளிலும் அன்றி உலகில் வேறெங்கும் இது இயற்கையாகக் காணப்படுவதில்லை. 1894இல் ஓல்ட்பீல்ட் தோமஸ் என்ற விலங்கியலறிஞர் இதனை விவரித்து, மஸ்கட்டிற் பல்லாண்டுகள் மருத்துவராகப் பணியாற்றிய ஆத்மராம் சதாசிவ ஜயகர் என்ற இந்தியரின் பெயரை இதற்குச் சூட்டினார். ஜயகர் தம் ஓய்வு நேரங்களிற் சேகரித்து அனுப்பிய மாதிரிகளால், ஒரு மணற்பாம்பும் ஒரு பல்லியினமும் ஒரு கடற்குதிரையுங்கூட அவர் பெயரைத் தாங்கியுள்ளன. மருத்துவத் தொழிலுக்கிடையே இத்தனையும் செய்தவரைப் பற்றி நம் நாட்டு மாணவர் அறியாதிருப்பது வியப்பிற்குரியது.

தமிழ் வாசகர்க்கு இவ்விலங்கு பிறிதொரு வகையிலும் முக்கியமானது. நீலகிரி, ஆனைமலைப் பகுதிகளில் வாழும் வரையாடும், இமயமலை வரையாடும், அராபிய வரையாடும் ஒரே சாதியுள் அடங்கிய மூன்று இனங்கள் என நெடுங்காலம் கருதப்பட்டன. ஒரு காலத்திற் பரந்து வாழ்ந்த ஒரு விலங்கின் சிதறிய எச்சங்களே இவை என விளக்கமும் கூறப்பட்டது. 2005இல் ரொப்பிக்கே, ஹசனின் என்ற ஆய்வாளர் இருவர் இவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு நோக்கியபோது இக்கருத்து நிலைபெறவில்லை. நீலகிரி வரையாடு செம்மறியாட்டினத்துக்கும், இமயமலை வரையாடு வெள்ளாட்டினத்துக்கும், அராபிய வரையாடு வட ஆபிரிக்காவின் பார்பரி ஆட்டுக்கும் நெருங்கியவை எனக் கண்டு, மூன்றையும் மூன்று சாதிகளாக அவர்கள் பிரித்தனர். செங்குத்தான பாறைகளில் வாழும் வாழ்வு ஒன்றாயிருந்தமையால் தோற்றமும் ஒத்திருந்தது போலும். சங்கப் புலவர் வருடை எனக் குறித்த ஆட்டின் உறவை ஓமானிலே தேடுவதற்கு இனி இடமில்லை.

அராபிய வரையாடு பாலையில் வாழினும், நீரின்றி வாழக் கற்றுக்கொள்ளாத விலங்கு. கோடையில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறையேனும் அது நீரருந்த வேண்டும். எனவே வெயில் குறைந்த வடக்கு நோக்கிய சரிவுகளையே அது பெரிதும் நாடுகின்றது. சுனைகளிலிருந்து வெகுதூரம் செல்வதில்லை. உணவும் நீரும் சிறிது சிறிதாகவே கிடைப்பதால் பெருமந்தையாகவும் கூடுவதில்லை. தனித்தோ, இரண்டு மூன்றாகவோதான் காணப்படும். மலைக்கிராமத்தாரின் வெள்ளாடுகள் அதே புல்லையும் புதரையும் மேய்ந்து, அதே சுனையில் நீரருந்துகின்றன. துப்பாக்கியேந்திய வேடன் ஒருவனும் இல்லாவிடினும் இப்போட்டி ஒன்றே இவ்வினத்தை ஒடுக்கப் போதுமானது. எஞ்சியுள்ளவை 2,500க்கும் குறைவு என மதிப்பிடப்பட்டுள்ளன.

சிற்றுடல் விலங்குகளைப் பொறுத்தவரை நீர்ப்பிரச்சினை வேறு வகையில் தீர்க்கப்பட்டுள்ளது. ஜெர்போவா எனும் தாவும் எலியும், ஜெர்பில் எலிகளும் பகலெல்லாம் நிலத்தடி வளைகளில் ஒடுங்கியிருக்கின்றன. உண்ட வித்துக்கள் உடலிற் சிதைவுறும்போது தோன்றும் நீரையும் அவை வீணாக்குவதில்லை. அவற்றின் சிறுநீரகங்கள் மிகச் செறிந்த சிறுநீரையே வெளியேற்றுகின்றன. இவற்றையுண்ணும் மணற்பூனையும் ரூப்பெல் நரியும் இரையின் குருதியிலும் தசையிலும் உள்ள நீரைக்கொண்டே பெரும்பாலும் காலங்கழிக்கின்றன. மணற்பூனையின் உள்ளங்கால்களை மூடி வளர்ந்துள்ள மயிர் சுடுமணலினின்றும் அதனைக் காக்கின்றது. முள்ளெலி, வௌவால் முதலியவற்றை விரித்துரைக்க ஈண்டு இடமில்லை.

தோபாரின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. எமது நாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டும் அதே பருவக்காற்று, தோபார்க் கரையில் ஆழ்கடலிலிருந்து மேலெழும் குளிர்நீரின்மேல் தவழ்ந்து, மழையாகப் பெய்யாது மூடுபனியாகத் திரள்கின்றது. மரங்களின் இலைகளிற் படிந்து சொட்டும் அப்பனிநீரே அங்குள்ள காடுகளை வளர்க்கின்றது. கரையிலிருந்து சில கிலோமீற்றர் உள்நோக்கிச் சென்று மலையுச்சியைக் கடந்தவுடன் பசுமை மறைந்துவிடும். இக்குறுகிய நிலத்தை ஒட்டிய வறண்ட மலைப்பாறைகளிலே அராபியச் சிறுத்தை இன்னும் உயிர்வாழ்கின்றது. நூபிய ஐபெக்ஸ் என்னும் மலையாடு, கசெல் எனப்படும் சிறு மான், ஹைராக்ஸ், முள்ளம்பன்றி ஆகியன அதற்கு இரை. எமது நாட்டுச் சிறுத்தையினும் அது மிகச் சிறியது. இரை அரிதாயுள்ள நாட்டில் பேருடலைப் பேணல் இயலாது. 1997இல் ஜபல் சம்ஹான் பகுதி இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அவ்வாண்டு முதல் தானியங்கும் ஒளிப்படக் கருவிகள் மூலம் இச்சிறுத்தைகள் கணிக்கப்பட்டு வருகின்றன. அராபியா முழுவதிலும் காட்டில் எஞ்சியவை 200க்கும் குறைவு. கால்நடை பெருகி மலைப்புல் அழியும்போது ஐபெக்ஸும் கசெலும் குறைகின்றன. அவை குறைந்தவிடத்துச் சிறுத்தை ஆட்டுப்பட்டியை நாடுகின்றது. பின் நிகழ்வதைக் கூறவேண்டியதில்லை.

இனி, நடுப்பாலையின் ஒரிக்ஸைப் பற்றிச் சற்று விரிவாக நோக்குவோம். அராபிய ஒரிக்ஸ் மாட்டுக் குடும்பத்தைச் சார்ந்த மான்வகை. ஏறத்தாழ 70 கிலோகிராம் நிறையும், வெண்ணிற உடலும், நீண்டு நேராக உயர்ந்த இரு கொம்புகளும் உடையது. ஆண், பெண் இரண்டுக்கும் கொம்புண்டு. இது மாதக்கணக்கில் நீரருந்தாது வாழவல்லது. சவூதி அராபியாவில் 2003இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று இதன் உடற்றொழிலியலைத் தெளிவாக்கியது. கோடையில் ஒரிக்ஸின் உடல்வெப்பம் ஒரே நாளிற் சராசரியாக 4 பாகை செல்சியசு வரை ஏறி இறங்குகின்றது. சில நாட்களில் இவ்வேறுபாடு 7 பாகையையும் தாண்டுகின்றது. மனிதனுடல் வெப்பமடைந்தவுடன் வியர்வையை வெளியேற்றித் தன்னைக் குளிர்வித்துக் கொள்ளும்; ஒரிக்ஸோ வெப்பத்தை உடலிலேயே தேக்கி வைத்து, இரவின் குளிரில் அதனை வெளியேற்றுகின்றது. இதனால் வியர்வைக்குச் செலவாகும் நீர் மிஞ்சுகின்றது. மேய்ச்சலையும் கோடையில் இரவுக்கு மாற்றிக்கொள்கின்றது. காய்ந்த புல்லும் இரவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். பனிமூட்டம் வந்த இரவாயின் இலைதோறும் நீர் படிந்திருக்கும்.

பகலில் வேண்டுவது நிழல். ஜித்தத் சமவெளியில் நிழல் தருவன, நாம் வன்னி என வழங்கும் மரமும் வேலமரவகை சிலவுமே. ஒரிக்ஸ் குளம்பால் மேல்மண்ணைக் கிளறி, குளிர்ந்த அடிமண்ணில் உடலைக் கிடத்தும். ஒரு மரத்தடியில் முழுக் கூட்டமும் நெருங்கியிருக்க நேர்வதால், கூர்மையான கொம்புகள் உடையனவாயினும் இவை தம்முட் போரிடுவது குறைவு. எங்கோ ஓரிடத்தில் மழை பெய்து புல் முளைப்பின் கூட்டம் அவ்விடம் நோக்கி நெடுந்தூரம் நடந்து செல்லும். எங்கு மழை பெய்யும் என்பதை எவரும் முன்னறிய இயலாத நாட்டில், பரந்த நிலமும் தடையற்ற நடையுமே ஒரிக்ஸின் உண்மையான நீர்நிலை எனலாம்.

ஆனால் நிழலின்றி வெட்டவெளியிற் கூட்டமாக நடக்கும் வெண்ணிற விலங்கை வெகுதொலைவிலிருந்தே காணலாம். ஒட்டகத்தில் ஏறி வேட்டையாடிய காலத்தில் அதனால் பெருங்கேடு விளையவில்லை. மோட்டார் வண்டியும் தானியங்கித் துப்பாக்கியும் வந்தபின், வேட்டையாளன் நீரின்றி எவ்வளவு தூரம் செல்லலாம் என்ற எல்லை நீங்கிற்று. 1962இல், இவ்வினம் அழிவது உறுதியென உணர்ந்தோர் அன்றைய ஏடன் காப்பாட்சிப் பகுதியிற் சிலவற்றைப் பிடித்தனர். அவற்றுள் மூன்றே பிழைத்தன. இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து ஒன்றும், குவைத்திலிருந்து ஒன்றும், சவூதி அராபியாவிலிருந்து நான்கும் சேர, ஒன்பது விலங்குகளைக் கொண்ட ஒரு மந்தை அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள பீனிக்ஸ் நகரில் வளர்க்கப்பட்டது. 1972 ஒக்ரோபரில் ஜித்தத் அல் ஹராசிஸில் எஞ்சியிருந்த இறுதிக் காட்டு ஒரிக்ஸ்களும் வேட்டையாளரிடம் வீழ்ந்தன.

பத்தாண்டுகளுக்குள் அவை மீண்டும் வந்தன. பீனிக்ஸ் மந்தையின் வழிவந்த பத்து விலங்குகள் 1982 சனவரி 31இல் அதே சமவெளியில் விடப்பட்டன. அந்நிலத்தின் குடிகளாகிய ஹராசிஸ் மக்கள் காவலராக அமர்த்தப்பட்டனர். அரபு மொழியினின்றும் வேறான ஹர்சூசி என்னும் மொழியைப் பேசும் இம்மேய்ச்சற் குலத்தார் ஒவ்வொரு மரத்தையும் தடத்தையும் அறிந்தவர்கள். 1994இல் அப்பகுதி உலக மரபுரிமைச் சின்னமாகப் பதிவாயிற்று; 1996அளவில் ஒரிக்ஸ் 450 வரை பெருகியிருந்தன.

அவ்வாண்டிலேயே களவு தொடங்கிற்று. இம்முறை இறைச்சிக்காக அன்று; வெளிநாட்டுத் தனியார் சேகரிப்புகளுக்கு விற்கும்பொருட்டு, பெண் விலங்குகளும் கன்றுகளும் உயிருடன் பிடிக்கப்பட்டன. 1998 செப்டெம்பரில் காட்டில் எஞ்சியவை 138. அவற்றுட் பெண் 28 மாத்திரமே. எண்ணிக்கையைக் காட்டிலும் இவ்விகிதமே நோக்கற்பாலது. ஆண்களிற் பெரும்பகுதி அழியினும் மந்தை மீளலாம். பெண்கள் அகற்றப்பட்ட மந்தை, நூற்றுக்கு மேற்பட்டதாயினும், பெருக வழியற்றது. எனவே எஞ்சியவற்றுள் ஒரு பகுதியை மீண்டும் அடைப்புக்குள் கொணர நேர்ந்தது. 2007இல் 65 விலங்குகளே இருந்தன. இனப்பெருக்கத்துக்குரிய சோடிகள் நான்கு அளவினவே. அதே ஆண்டில் எண்ணெய் ஆய்வுக்கு இடமளிக்கும் வகையில் காப்பிடத்தின் பரப்பு 90 சதவீதம் குறைக்கப்பட்டது. உலக மரபுரிமைப் பட்டியலினின்றும் முதன்முதலாக நீக்கப்பட்ட இடம் என்ற நிலை இதனால் அதற்கு ஏற்பட்டது. பத்து விலங்குகளை 450 ஆக்கப் பதினான்கு ஆண்டுகள் வேண்டியிருந்தன. அதனைக் குலைக்க மூன்றாண்டுகளே போதுமாயின.

அதனால் இவ்வினம் அழிந்துவிடவில்லை. ஏனைய நாடுகளிலும் காப்பிடங்கள் அமைந்தமையால், காட்டில் ஏறத்தாழ 1,000 விலங்குகள் உள்ளமை கண்டு, 2011இல் இதன் அபாயநிலை ஒரு படி தளர்த்தப்பட்டது. ஓமானிலும் வேலியிடப்பட்ட அடைப்புக்களுள் பல நூறு ஒரிக்ஸ்கள் பெருகியுள்ளன. ஆயினும், வேலிக்குள் உணவும் நீரும் ஊட்டப்படும் விலங்கு, மழை பெய்த திசையை நோக்கி நடக்க வேண்டியதில்லை. தாயின் பின்னே நெடுவழி நடந்து மேய்ச்சல் நிலங்களை அறியும் வாய்ப்பு அங்கு பிறந்த கன்றுகளுக்கு இல்லை. உடல்வெப்பத்தைத் தேக்கும் ஆற்றல் பிறப்போடு வருவது. எந்தப் பள்ளத்தில் எந்த மரம் நிற்கின்றது என்ற அறிவு அவ்வாறு வருவதன்று. 1982இல் விடப்பட்ட மந்தை அதனைத் தானே புதிதாகத் தேடிக்கொண்டது. வேலி நீக்கப்படும் காலம் வருமாயின், இன்றைய மந்தையும் அதனை முதலிலிருந்தே கற்கவேண்டியிருக்கும்.