ஆண்டுக்கொரு புதிய செல்போன்: ஆயுளைக் கேட்காத சட்டங்கள்

புது தில்லி: 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மகாராஷ்டிர மாநில அங்கன்வாடி ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, அரசு தங்களுக்கு வழங்கியிருந்த செல்போன்களை அரசு அலுவலகங்களிலேயே திருப்பி ஒப்படைத்தனர். அவை 2019-இல் கொடுக்கப்பட்ட கருவிகள். குழந்தைகளின் எடை, உயரம், அவர்களுக்கு வழங்கப்படும் உணவு ஆகியவற்றைப் பதிவு செய்வதற்காக 2021 மார்ச்சில் 'போஷண் டிராக்கர்' என்ற செயலியை மத்திய அரசு அறிமுகப்படுத்தியது. 2 ஜிபி நினைவகம் மட்டுமே கொண்ட அந்த செல்போன்களால் அச்செயலியின் சுமையைத் தாங்க முடியவில்லை. கருவி சூடாகிறது, அடிக்கடி நின்றுவிடுகிறது, பழுது பார்க்கும் செலவும் தங்கள் தலையில் விழுகிறது என்று ஊழியர்கள் புகார் கூறினர்.

வாங்கி இரண்டே ஆண்டுகள். கொடுத்ததும் அரசு, அதைப் பயனற்றதாக்கிய செயலியைக் கொண்டு வந்ததும் அரசு.

தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆண்டுதோறும் புதிய கருவிகளை வெளியிடத்தான் வேண்டுமா என்ற விவாதம் உலகெங்கும் நடைபெறுகிறது. வசதி படைத்தோர் கையில் இருப்பதை விட்டுவிட்டுப் புதியதற்கு ஆசைப்படுவது சரியா என்பதாகவே அது பெரும்பாலும் சுருங்கி விடுகிறது. இந்தியாவில் இக்கேள்விக்கு மற்றொரு முகம் உண்டு. இங்கு செல்போனை மாற்றுவோரில் பலர் ஆசையினால் மாற்றுவதில்லை. பழையது இனி வேலை செய்யாது என்ற நிலை வந்த பிறகே மாற்றுகின்றனர்.

ஆண்டுக்கு ஒன்று என்பது தொழில்நுட்பத்தின் இயற்கை விதியன்று. 2003-இல் வெளியான நோக்கியா 1100, டார்ச் விளக்குடனும் தூசி புகாத விசைப்பலகையுடனும் இந்தியா போன்ற நாடுகளை மனத்தில் கொண்டே வடிவமைக்கப்பட்டது. அதே மாதிரி பல ஆண்டுகள் விற்பனையில் இருந்தது. உலகெங்கும் 25 கோடிக்கும் மேல் விற்றது. 2007-இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோனை அறிமுகப்படுத்தி, ஆண்டுதோறும் அடுத்தடுத்த மாதிரிகளை வெளியிடத் தொடங்கிய பின்னரே, செப்டம்பரில் புதிய போன் என்பது பண்டிகை போல நிலைபெற்றது. போட்டி நிறுவனங்களும் தத்தமக்கென ஒரு மாதத்தைக் குறித்துக் கொண்டன. அந்தந்த ஆண்டில் சொல்லத்தக்க முன்னேற்றம் இருக்கிறதா, இல்லையா என்பது அந்த நாட்காட்டிக்குப் பொருட்டல்ல.

பழைய சந்தையின் கணக்கு: ஆனாலும், ஆண்டு வெளியீட்டை முற்றிலும் தீமை என்று தள்ளிவிட முடியாது. தில்லி கரோல் பாக் பகுதியின் கஃபார் மார்க்கெட்டைச் சுற்றி வந்தால் இது விளங்கும். பணக்காரர் ஒருவர் புதியதை வாங்கும்போது அவர் கைவிடும் போன் அங்கு வந்து சேர்கிறது. திரை மாற்றப்பட்டு, பேட்டரி புதுப்பிக்கப்பட்டு, மூன்றில் ஒரு பங்கு விலைக்கோ அதற்கும் குறைவாகவோ மாணவரிடமும், வாடகைக் கார் ஓட்டுநரிடமும் போய்ச் சேர்கிறது. மேலே புதியது வராவிட்டால் கீழே மலிவானது கிடைக்காது. எனவே ஆண்டுதோறும் வெளியிடுவதைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்பது நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கை. தேவையற்றதும்கூட.

சிக்கல் இருப்பது, அந்தச் சங்கிலி எங்கே அறுக்கப்படுகிறது என்பதில்தான். கருவியின் உடல் நன்றாக இருக்கும்போதே மென்பொருள் ஆதரவு நிறுத்தப்படுகிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. வங்கிச் செயலிகள் ஒவ்வொன்றாக ஏற்க மறுக்கின்றன. பழைய ஆண்ட்ராய்டு கிட்கேட் பதிப்பில் இயங்கும் போன்களில் வாட்ஸ்ஆப் சேவை 2025 ஜனவரி முதல் நிறுத்தப்பட்டது. கணினிகளுக்கும் இதே கதிதான். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் முடித்துக் கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு இல்லை என்பதற்காகவே, பழுதின்றி இயங்கும் கணினிகள் பழையனவாகிவிட்டன. நேரு பிளேஸ் கடைகளில் எத்தனை திறமையான மெக்கானிக் இருந்தாலும் இந்தக் குறையைத் திருப்புளியால் சரிசெய்ய முடியாது.

நிறுவனங்களால் நீண்டகாலம் ஆதரவு தர முடியும் என்பதும் நிரூபணமாகிவிட்டது. 2023 அக்டோபரில் கூகுள் தனது பிக்சல் 8 போனுக்கு ஏழு ஆண்டு மென்பொருள் ஆதரவை அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங் தனது கேலக்ஸி எஸ் 24 வரிசைக்கு அதையே அறிவித்தது. இரண்டுமே ஆண்டுதோறும் புதிய மாதிரி வெளியிடும் நிறுவனங்கள்தான். ஆனால், அந்த போன்களின் இந்திய விலை அறிமுகத்தின்போது 75 ஆயிரம் ரூபாய்க்கும் மேல். நீண்ட ஆயுள் முதலில் கிடைத்தது, அடிக்கடி மாற்றும் வசதி உள்ளவருக்கு. பத்தாயிரம் ரூபாய் போனை வாங்கி ஐந்தாறு ஆண்டுகள் ஓட்ட நினைப்பவருக்கு அப்போது அத்தகைய உறுதிமொழி வரவில்லை.

செல்போன் வைத்திருப்பது விருப்பம் என்ற நிலையும் இப்போது இல்லை. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவு செயலி வழியே கட்டாயமாக்கப்பட்டது. பணியிடத்தில் நாளுக்கு இரு முறை படம் எடுத்துப் பதிவேற்ற வேண்டியிருந்தது. மேற்பார்வையாளரின் போன் நின்றுபோனால் தொழிலாளியின் கூலி சிக்கலுக்குள்ளாகும். அரசே குடிமக்களை ஒரு கருவியை நம்பி வாழச் சொல்லும்போது, அந்தக் கருவி எத்தனை ஆண்டு உழைக்க வேண்டும் என்று கேட்கும் பொறுப்பும் அரசுக்கே உண்டு.

மூன்று பவன்கள், மூன்று திசைகள்: தலைநகரில் இந்தப் பொறுப்பு யாரிடம் இருக்கிறது? மின்னணு அமைச்சகத்தின் பார்வை உற்பத்தியில். 2020 ஏப்ரல் 1-இல் அறிவிக்கப்பட்ட உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம், இந்தியாவில் தயாரான பொருள்களின் கூடுதல் விற்பனை மதிப்பில் 4 முதல் 6 சதவீதம் வரை நிறுவனங்களுக்கு வழங்கியது. ஊக்கத்தொகை விற்பனை பெருகினால்தான் கிடைக்கும். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் நொய்டாவிலும் பல்லாயிரம் இளம்பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் வேலை கிடைத்திருப்பது உண்மை. அந்த வேலைகள் புதிய மாதிரிகளின் பருவத்தோடு ஏறி இறங்குவதும் உண்மை.

சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பார்வை குப்பையில். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி, 2019-20-இல் 10.14 லட்சம் டன்னாக இருந்த மின்னணுக் கழிவு 2021-22-இல் 16.01 லட்சம் டன்னாக உயர்ந்தது. இதில் செல்போன்களின் பங்கு எடையளவில் சிறியதே. குளிர்சாதனப் பெட்டிகளும் தொலைக்காட்சிகளும்தான் எடை. ஆனால், சர்க்யூட் பலகைகளில் உள்ள உலோகத்துக்காக யமுனைக்குக் கிழக்கே சீலம்பூரிலும், உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாதிலும் அமிலமும் தீயும் கொண்டு நடக்கும் பிரித்தெடுப்பு வேலை, எடையை வைத்து அளக்கக் கூடியதன்று. மொராதாபாதில் ராம்கங்கை ஆற்றங்கரையில் கொட்டப்பட்ட கருஞ்சாம்பல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, உற்பத்தியாளர்கள் முன்பு விற்றதில் குறிப்பிட்ட சதவீதத்தை மறுசுழற்சி செய்வித்ததற்கான சான்று பெற வேண்டும். எந்த ஆண்டில் விற்றது என்பதைக் கருவியின் சராசரி ஆயுட்காலத்தை வைத்துக் கணக்கிடுகின்றனர். இங்கேதான் விதியின் உள்முரண் இருக்கிறது. ஆயுள் இவ்வளவு என்று அது ஏற்றுக்கொள்கிறது. ஆயுளை நீட்டித்த நிறுவனத்தையும் குறுக்கிய நிறுவனத்தையும் ஒரே தட்டில் வைக்கிறது.

நிறுவனங்கள் மறுசுழற்சிக்காகச் செலுத்த வேண்டிய குறைந்தபட்சக் கட்டணம் நுகர்வோர் மின்னணுப் பொருள்களுக்கு கிலோவுக்கு 22 ரூபாய், ஸ்மார்ட்போன்களுக்கு 34 ரூபாய். இருநூறு கிராம் எடையுள்ள ஒரு போனுக்கு ஏழு ரூபாய்கூட ஆகாது. புதிய மாதிரியை வெளியிடுவதா, பழையதற்கு ஆதரவை நீட்டிப்பதா என்று யோசிக்கும் நிறுவனத்தின் கணக்கில் ஏழு ரூபாய் எந்தப் பக்கமும் சாயாது. எனினும், பெரிய வீட்டு உபயோகப் பொருள்களையும் தயாரிக்கும் சாம்சங், எல்.ஜி. உள்ளிட்ட நிறுவனங்கள் இந்தக் கட்டண நிர்ணயத்தை எதிர்த்து 2025-இல் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகின.

மூன்றாவதாக, நுகர்வோர் விவகாரத் துறை. ஆயுளைப் பற்றிப் பேசியது இது ஒன்றே. பழுது நீக்கும் உரிமைக்கான குழுவை 2022 ஜூலையில் அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-இல், தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. அடுத்த கட்டமாக, கூடுதல் செயலர் பரத் கேரா தலைமையிலான குழு 2025 மே மாதத்தில் பழுதுநீக்கத் தகுதிக் குறியீட்டுக்கான அறிக்கையை அளித்தது. குளிர்சாதனப் பெட்டியில் மின்சிக்கனத்துக்கு நட்சத்திரம் இடுவது போல, செல்போனைக் கழற்றுவது எவ்வளவு எளிது, உதிரி பாகங்கள் கிடைக்கின்றனவா, மென்பொருள் புதுப்பிப்பு எவ்வளவு காலம் வரும் என்பவற்றுக்கு ஐந்து புள்ளி அளவில் மதிப்பெண் இட அது பரிந்துரைத்தது. நல்ல யோசனைதான். ஆனால், மதிப்பெண்ணை இடப்போவது தயாரிப்பாளரே. சுய அறிவிப்பு போதும், கூடுதல் நடைமுறைச் சுமை இராது என்று அறிக்கையே உறுதியளிக்கிறது. தேர்வு எழுதியவரே விடைத்தாளையும் திருத்துவார்.

ஐரோப்பிய ஒன்றியம் மதிப்பெண்ணோடு நிற்கவில்லை. 2025 ஜூன் 20 முதல் அங்கு நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒரு செல்போன் மாதிரியின் விற்பனை முடிந்த பின்னரும் ஐந்து ஆண்டுகள் இயங்குதளப் புதுப்பிப்பும், முக்கிய உதிரி பாகங்கள் ஏழு ஆண்டுகளும் கிடைக்க வேண்டும். 800 முறை மின்னேற்றிய பிறகும் பேட்டரி 80 சதவீதத் திறனுடன் இருக்க வேண்டும். ஆண்டுக்கு எத்தனை மாதிரிகளை வெளியிடலாம் என்று அந்த விதிகள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இந்தியத் தொழிற்சாலையில் பூட்டப்பட்டு ஐரோப்பாவுக்கு விமானம் ஏறும் செல்போனுக்கும் இவை பொருந்தும். அதே தொழிற்சாலையிலிருந்து கரோல் பாகுக்கு லாரியில் வரும் செல்போனுக்கு, 2025 மே மாத அறிக்கை பரிந்துரைத்தது ஒரு நட்சத்திரச் சீட்டை மட்டுமே.