தோட்டத்தைப் படமெடுக்க எந்தக் கேமரா?

பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி 2013இல் இடிக்கப்பட்டது. இனி அதைப் படத்தில்தான் பார்க்கலாம். கெடா தோட்டங்களில் நம் லயங்களும் கோயில்களும் இருக்கும்போதே எடுத்து வைப்போம்.

அதற்குப் பெரிய கேமரா வேண்டாம். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா கைக்கு அடக்கம். சோனி ஏ6400 பேட்டரியோடு 403 கிராம்தான். அதோடு வரும் 16-50 மில்லிமீட்டர் லென்சு 116 கிராம். லயத்து வரிசையை 16இல் எடுக்கலாம். கருவறை இருட்டுக்கு அது போதாது. 35 மில்லிமீட்டர் எஃப்1.8 லென்சு, எஃப்3.5ஐவிட ஏறக்குறைய 4 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கையில் பணம் குறைவா? பழைய கேமரா வாங்கி, மிச்சத்தை இந்த லென்சில் போடுங்கள். பெரிய ஜூம், மெர்போக்கில் பறவை பார்ப்பவர்களுக்கு!

நம் ஊர் ஈரத்தில் லென்சில் பூஞ்சை பிடிக்கும். இறுக மூடிய டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். படத்தோடு தோட்டத்தின் பெயரையும் தேதியையும் எழுதி வைக்க மறக்காதீர்கள்.