படமே இல்லாத ஒரு சினிமா

வானொலியில் 26 வருஷம் ஒலிநாடா வெட்டி ஒட்டியவன் நான். பேட்டி கொடுப்பவரின் ஒரு இருமலை எடுக்க நாலு விரற்கடை நாடா போகும். பிளேடால் சாய்வாக ஒரு வெட்டு, மேலே ஒட்டுநாடா, மறுபடி ஓடவிட்டுக் கேட்பது. கையில் நாடா இருந்ததால் முடிந்தது. அந்த நாடா புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, 1930-இல், பெர்லினில் ஒருவர் இதே வேலையைச் செய்து முடித்திருக்கிறார் என்று தெரிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் வால்டர் ருட்மன். ஓவியராக இருந்து சினிமாவுக்கு வந்தவர். விடியல் முதல் இரவு வரை ஒரு நகரம் இயங்குவதைக் காட்டும் 'பெர்லின்: ஒரு மாநகரத்தின் சிம்பொனி' என்ற மௌனப் படத்தை 1927-இல் எடுத்தார். மூன்று வருஷம் கழித்து 'வார இறுதி' என்று ஒரு குறும்படம் செய்தார். பதினொரு நிமிடம் சொச்சம். அதில் காட்சி ஒன்றுகூடக் கிடையாது, ஒலி மட்டும்தான்.

ஆனாலும் அது படம்தான், ஏனென்றால் ஃபிலிமில் செய்தது. அன்று வானொலி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரடியாகப் போனவை. பதிவு என்றால் தட்டுதான். அதில் கீறியது கீறியதுதான், நடுவில் ஒரு சொல்லை உருவ முடியாது. ஜெர்மன்காரர்கள் மூவர் உருவாக்கி 1922-இல் பெர்லினில் மக்களுக்குப் போட்டுக் காட்டிய 'ட்ரை-எர்கான்' முறையோ ஒலியை ஒளியாக மாற்றி ஃபிலிமில் பதித்தது. ஃபிலிமில் கத்தரி வைக்கலாம். பெர்லின் வானொலியின் தலைவர் ஹான்ஸ் ஃபிளெஷ் கேட்டுக்கொண்டதால் ருட்மன் நகரத்தின் ஒலிகளைப் பிடித்து வந்து, இருநூறுக்கும் மேற்பட்ட துண்டுகளை ஒட்டினார். 1930 ஜூன் 13 அன்று அது ஒலிபரப்பானது.

ஆறு பகுதிகள். முதலாவதற்கு 'வேலையின் ஜாஸ்' என்று பெயர். ரம்பம், சுத்தியல், தட்டச்சுப் பொறி, கல்லாப்பெட்டி, தொலைபேசியில் யாரோ ஒருவர். எதுவும் முழுசாக நிற்காது. ஒன்றின் வாலை மற்றொன்று கடித்துக்கொண்டு ஓடும். அடுத்தது வேலை விடும் நேரம். பிறகு ஊருக்கு வெளியே பயணம், ரயிலின் கூவல். நாலாவது 'பாஸ்டொராலே'; நம் முல்லைத்திணை என்று வைத்துக்கொள்ளலாம். தேவாலய மணி, சேவல், பாட்டு, பேண்ட் வாத்தியம்.

இதை முதலில் நான் வீட்டில் ஒலிபெருக்கியில்தான் போட்டேன். சேவல் கூவியதும் அடுக்களையிலிருந்து என் மனைவி, "யார் வீட்டுலங்க கோழி வளக்கறாங்க?" என்று ஜன்னலுக்கு வந்துவிட்டாள். அது பெர்லின் பக்கத்துச் சேவல், அதுவும் எங்கள் இருவருக்கும் மூத்தது என்று சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, மீதியை முழுக்கக் கேட்டாள்.

வெட்டுக்காரனாக எனக்குப் பிடிபட்டது ஒன்று உண்டு. ஓய்வு என்பதை ருட்மன் நிசப்தத்தால் சொல்லவில்லை, துண்டின் நீளத்தால் சொல்கிறார். வேலை நேரத்தில் ஒரு ஒலி கண் இமைக்கும் பொழுதுதான். ஊருக்கு வெளியே போனதும் கத்தரியே இளைப்பாறுகிறது. ஒரு ஒலி வந்து, நின்று, தானாக அடங்க விடுகிறார். கேட்கிற நம் மூச்சும் அதோடு நீள்கிறது. இத்தனை வருஷம் வெட்டியும் எனக்கு இது தோன்றியதில்லை.

பிற்காலத்தில் ருட்மன் நாஜி அரசுக்குப் பிரசாரப் படங்கள் எடுத்தார். இந்த வேலையைக் கேட்டு வாங்கிய ஃபிளெஷை அதே அரசு 1933-இல் வதைமுகாமில் அடைத்தது. இப்படிப்பட்ட காது வாய்த்தவர் அந்தப் பக்கம் போனது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஐந்தாவது பகுதியில் வேலை மறுபடி தொடங்கிவிடுகிறது. ஆறாவதின் பெயரும் 'வேலையின் ஜாஸ்'தான். முதல் தடவை அது வெறும் பட்டறைச் சத்தம். கடைசியில் வரும்போது, அந்தச் சத்தத்துக்குள் நிற்கிறவன் நேற்று ஒரு சேவலைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று நமக்குத் தெரியும்.