தொழிலாளர் பெயர்வுரிமை

பண்டமும் மூலதனமும் உடையவனை விட்டுத் தனித்தும் எல்லை கடக்கும்; உழைப்போ மனிதனோடன்றிச் செல்லாது. ஆதலின், தொழிலாளர் நாடு விட்டு நாடு பெயர்தல் பொருளியலோடு உரிமையும் பற்றிய விடயமாகும்.

1957இல் உரோமாபுரியில் ஆறு ஐரோப்பிய நாடுகள் செய்த உடன்படிக்கை, உறுப்பு நாட்டுத் தொழிலாளர் தம்முள் எந்நாட்டிலும் வேலைகொள்ளும் உரிமைக்கு அடிகோலியது. 1968ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி அவ்வுரிமையை நிறைவாக்கி, வேதனத்திலும் வேலை நிபந்தனைகளிலும் நாட்டின வேறுபாடு காட்டலாகாதென விதித்தது.

இதன் பயனை மேற்கு ஜேர்மனியிற் காணலாம். அந்நாடு 1955இல் இத்தாலியுடனும் 1961இல் துருக்கியுடனும் ஒப்பந்தஞ் செய்து தொழிலாளரை வருவித்தது. இத்தாலி மேற்கூறிய ஆறனுள் ஒன்று, துருக்கி அன்று. 1973 நவம்பரில் ஜேர்மனி புறநாட்டுத் தொழிலாளரைச் சேர்த்தலை நிறுத்தியது. இத்தாலியரை அத்தடை கட்டுப்படுத்தவில்லை. தம்மூர் சென்றோர் வேண்டியபோது மீண்டும் வரலாயிற்று. துருக்கியருட் பலரோ, சென்றால் மீள வரவியலாதென அஞ்சி, மனைவி மக்களை அழைப்பித்து அங்கேயே நிலைத்தனர்.

புறத்தாரைத் தடுக்க அடைத்த கதவு, அகத்திருந்தாரையும் வெளிச்செல்லாது தடுத்தது. மீண்டும் வரும் உரிமையுடையவனே கவலையின்றித் தன் ஊருக்குத் திரும்புவான். பெயர்வுரிமையை வருவோர் தொகை கொண்டு மட்டும் அளப்போர் இவ்வுண்மையைக் காணத் தவறுவர்.