ரூபியில் [1..-1] ஏன் வந்தது, எப்படி மாற்றுவது?

பழைய ரூபி நிரல்களில் [1..-1] என்ற வெட்டு அடிக்கடி கண்ணில் படும். முதல் உறுப்பை விட்டு மீதி அணியைக் கொடு என்பது பொருள். -1 கடைசி உறுப்பு. வரம்புக்கு முடிவு கட்டாயமாக இருந்த காலத்தின் தடம் அது. 2018 டிசம்பரில் வந்த ரூபி 2.6 முடிவில்லா வரம்பை ஏற்றதால் இன்று [1..] போதும், விடை இம்மியும் மாறாது. இன்னும் தெளிவாக டிராப்(1) என்றே எழுதலாமே என்பார்கள். வாசிக்க அதுவே சுகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெற்று அணியில் [1..] ‘நில்’ தரும், டிராப்(1) வெற்று அணியையே தரும். காரணம், வெட்டும்போது தொடக்க எண் உறுப்புகளின் இடைவெளியைக் குறிப்பதாகக் கொள்ள வேண்டும். மூன்று உறுப்புகளுக்கு 0 முதல் 3 வரை நான்கு இடைவெளிகள். ஆகவே [3..] வெற்று அணி, 4 என்ற இடமே இல்லாததால் [4..] ‘நில்’. அந்த ‘நில்’லைச் சோதிக்கும் வரி வேறெங்கோ இருந்தால், டிராப் அதைச் செயலற்றதாக்கிவிடும்.

ஓடுகிற நிரலை ஏன் தொட வேண்டும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் நீண்ட அணியில் [1,3] மூன்று உறுப்புகளையும் [1...3] இரண்டையும் தரும் மொழி இது, படிப்பவர் தடுமாறும் ஒவ்வொரு குறியும் பிழைக்கு இடம் தரும். முதலில் வெற்று அணிக்கு ஒரு சோதனை எழுதுங்கள், பிறகு மாற்றுங்கள்.